எட்ட நிற்கும் இறந்தகாலம்

"நாளைக்கு மழை பெய்தால் போட்டி நடக்காது" என்ற வாக்கியத்தில் ஒரு விந்தை இருக்கிறது. தமிழ் பேசுகிற யாரும் அதைக் கவனிப்பதில்லை. பேச்சு நாளையைப் பற்றியது. மழை இன்னும் பெய்யவில்லை. ஆனால் 'பெய்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது 'பெய்தது', 'பெய்த' ஆகியவற்றில் வரும் அதே இறந்தகால அடிதான். 'வந்தால்' என்பதில் 'வந்தான்' இருக்கிறான். 'போனால்' என்பதில் 'போனான்' இருக்கிறான். இன்றைய தமிழை ஆராய்பவர்கள் இந்த வடிவத்தை இறந்தகால அடியோடு 'ஆல்' சேர்ந்தது என்றே விவரிக்கிறார்கள். வராத மழைக்கு எதற்கு இறந்தகாலம் என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் கேட்பதில்லை. அதே குழந்தை வளர்ந்து ஆங்கிலம் படிக்கும்போது 'இஃப் ஐ ஹேட் டைம் டுமாரோ' என்ற தொடரைப் பார்த்துத் திகைக்கிறது. 'ஹேட்' இறந்தகாலம், 'டுமாரோ' நாளை. இரண்டும் எப்படி ஒரே வாக்கியத்தில் குடியிருக்க முடியும்?

பள்ளிப் புத்தகமும் கடைகளில் தொங்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடும் இந்தத் திகைப்புக்கு ஒரு கட்டம் போட்டு விடை சொல்கின்றன. ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம். கீழே கோடிட்ட இடங்கள். மாணவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார், கோடுகளை நிரப்புகிறார், மதிப்பெண்ணும் வாங்குகிறார். பிறகு ஒரு நேர்முகத் தேர்வில், 'இந்த வேலை கிடைத்தால்' என்று தொடங்க வேண்டிய இடத்தில், நாக்கு நின்றுவிடுகிறது. சூத்திரம் மறந்துபோனது காரணமாக இருக்கலாம் என்று பொதுவாக நினைக்கிறோம். காரணம் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது என்பது என் வாதம். நான்கு சூத்திரங்களும் அவருக்குத் தெரியும். எதை எடுப்பது என்பதுதான் தெரியாது, ஏனென்றால் அதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவர் செய்த பயிற்சிகளும் அதைக் கேட்கவில்லை.

எதை எடுப்பது என்று தெரிய வேண்டுமானால் ஆங்கிலத்தின் இறந்தகால வடிவம் என்ன வேலை செய்கிறது என்று புரிய வேண்டும். அமெரிக்க மொழியியலாளர் மார்ட்டின் யோஸ் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி 1964-இல் வெளியிட்ட நூலில், அந்த வடிவத்துக்கு இறந்தகாலம் என்ற பெயரையே விட்டுவிட்டு, 'தொலைவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். தொலைவு மூன்று விதமாக அமையலாம். நேற்று நடந்தது இன்றிலிருந்து தள்ளி நிற்கிறது. அது காலத் தொலைவு. நடக்காதது, நடக்கும் என்று நம்பிக்கையில்லாதது, நடப்பிலிருந்து தள்ளி நிற்கிறது. மூன்றாவது, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான மரியாதைத் தொலைவு. வங்கிக் கவுன்ட்டரில் நிற்பவர் 'ஐ வாண்டட் டு ஆஸ்க் சம்திங்' என்று சொல்லும்போது அவருடைய விருப்பம் நேற்றையது அல்ல. இப்போது, அந்த நொடியில் அவருக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' பணிவாக ஒலிப்பதும் இதனால்தான். ஒரே வடிவம், மூன்று விலகல்.

இதைப் பிடித்துக்கொண்டால் அந்த நான்கு கட்டங்களும் தாமாகவே கலைந்து வேறு விதமாகச் சேர்கின்றன. 'இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்': நேரம் கிடைக்கக்கூடும், வாசல் திறந்திருக்கிறது. பேசுபவர் ஒரு அடி பின்வாங்கினால் 'ஹேவ்' என்பது 'ஹேட்' ஆகிறது, 'வில்' என்பது 'வுட்' ஆகிறது: நேரம் இல்லை, அல்லது கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தின் இரண்டாம் வகை இவ்வளவுதான். மூன்றாம் வகை மாணவர்களை ஏன் பயமுறுத்துகிறது என்பதற்கும் இங்கேயே விளக்கம் உண்டு. நிகழ்ச்சி கடந்த காலத்தது. அதோடு அது நடக்கவுமில்லை. இறந்தகால வடிவத்தை 'நடக்கவில்லை' என்று காட்டச் செலவழித்தாகிவிட்டது. 'அது அன்றைக்கு' என்று காட்ட இன்னொன்று தேவைப்படுகிறது. அதனால்தான் 'இஃப் ஐ ஹேட் ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கம்' என்று இரட்டிப்பாக வருகிறது. ஒரு விலகல் நிஜத்திலிருந்து, மற்றது காலத்திலிருந்து. 'அன்றைக்கு அந்த வேலையை ஏற்றிருந்தால் இன்றைக்கு நான் துபாயில் இருப்பேன்' போன்ற கலப்பு வாக்கியத்துக்குப் புத்தகங்கள் தனியாக ஐந்தாவது கட்டம் போடுகின்றன. தொலைவுக் கணக்கில் அதற்குத் தனிக் கட்டம் வேண்டாம்: முன்பாதியில் இரண்டு விலகல், பின்பாதியில் ஒன்று.

இதை மறுத்து ஒரு நியாயமான கேள்வி எழும். பழைய ஆங்கிலத்தில் ஐயத்தையும் விருப்பத்தையும் காட்ட வினைக்குத் தனி விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து இறந்தகால விகுதிகளோடு ஒன்றாகிவிட்டன. 'இஃப் ஐ வேர்' என்பதிலுள்ள 'வேர்' அந்தப் பழைய வீட்டின் எஞ்சிய தூண். அப்படியானால் இறந்தகால வடிவம் இங்கே வந்தது வெறும் ஒலித்தேய்வால் நேர்ந்த தற்செயல், அதற்குத் தொலைவு என்ற தத்துவம் பூசுவது வீண் வேலை என்று சொல்லலாம். ஆங்கிலம் ஒன்றை மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு வலுவானது. ஆனால் பிரெஞ்சு மொழியில் தனி ஐய வடிவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இருந்தும் நடக்காத நிபந்தனையைச் சொல்ல அது அந்த வடிவத்தை எடுப்பதில்லை, இறந்தகால வடிவத்தையே எடுக்கிறது. இன்றைய கிரேக்கமும் இறந்தகாலத்தைத்தான் நாடுகிறது. கிரேக்கத்தை மையமாக வைத்துப் பல மொழிகளை ஒப்பிட்ட சபீன் இயாட்ரிடு 2000-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு பொது விளக்கம் தந்தார். இறந்தகாலம் அடிப்படையில் ஒரு விலக்கலைச் செய்கிறது: நான் பேசிக்கொண்டிருப்பது 'இது' அல்ல. அந்த 'இது' காலமாக இருந்தால் பேச்சு இந்த நேரத்தை விலக்குகிறது. உலகமாக இருந்தால் இந்த நிஜ உலகத்தை விலக்குகிறது. இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. இந்த வாக்கியங்களிலுள்ள இறந்தகாலம் உண்மையான இறந்தகாலம்தான், அந்த வாய்ப்பு இன்னும் மூடப்படாமல் இருந்த ஒரு முந்தைய நேரத்துக்கு அது நம்மைக் கொண்டுபோகிறது என்பது அவர்கள் கட்சி. அந்தச் சர்ச்சை தீரும்வரை மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொள்வது அவருக்குப் போதும்: இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவர் நடப்பிலிருந்து விலகி நிற்கிறார்.

விலகல் வெறும் நயம் அல்ல, அது வாக்கியத்தின் உண்மை பொய்யையே மாற்றிவிடும் என்பதற்குத் தத்துவத் துறையில் ஒரு புகழ்பெற்ற இணை உண்டு. 1970-இல் எர்னஸ்ட் ஆடம்ஸ் முன்வைத்தது. அமெரிக்க அதிபர் கென்னடி 1963-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். லீ ஹார்வி ஓஸ்வால்ட் சுட்டார் என்று விசாரணை ஆணையம் முடிவு செய்தது. இப்போது இரண்டு வாக்கியங்கள். ஒன்று: ஓஸ்வால்ட் சுடவில்லை என்றால் வேறு யாரோ சுட்டிருக்கிறார்கள். மற்றது: ஓஸ்வால்ட் சுடாமல் இருந்திருந்தால் வேறு யாராவது சுட்டிருப்பார்கள். முதலாவதை யாரும் மறுக்க முடியாது; கென்னடி குண்டடிபட்டு இறந்தார், ஆகவே யாரோ ஒருவர் சுட்டுத்தான் இருக்க வேண்டும். இரண்டாவதை ஏற்க வேண்டுமானால் ஓஸ்வால்டுக்குப் பின்னால் ஒரு சதிக்கூட்டம் துப்பாக்கியோடு காத்திருந்தது என்று நம்ப வேண்டும். ஆட்கள் அவர்களே, நிகழ்ச்சி அதுவே, வினை வடிவம் மட்டும் மாறியது. முதல் வாக்கியம் பேசுபவருக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது நடந்ததை ஒதுக்கிவைத்து நடக்காத ஓர் உலகத்தைப் பற்றிப் பேசுகிறது.

இந்த இணையைத் தமிழில் சொல்ல எந்தச் சிரமமும் இல்லை. தமிழுக்கு இந்த வேறுபாடு அந்நியமே அல்ல. 'சொல்லியிருந்தால் செய்திருப்பேன்' என்பது நம் அன்றாடச் சண்டைகளின் மூலதனம். ஆகவே மூன்றாம் வகை, உருவத்தில் மிகக் கடினமாகத் தோன்றினாலும், தமிழ் பேசுபவருக்குக் கருத்தளவில் பழகிய இடம். தமிழ் கோடு போடாமல் விட்ட இடம் வேறு. 'நேரம் இருந்தால் வருவேன்' என்று ஒருவர் சொல்லலாம். 'சிறகு இருந்தால் பறப்பேன்' என்றும் சொல்லலாம். முதலாவது நடக்கக்கூடியது, இரண்டாவது நடக்கவே நடக்காது, ஆனால் இரண்டு வாக்கியங்களின் உடலும் ஒன்றே. எது எந்த வகை என்பதை நாம் உலக அறிவைக் கொண்டு ஊகித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் அந்த ஊகத்தைக் கேட்பவரிடம் விடுவதில்லை. பேசுபவரே முன்கூட்டி அறிவித்துவிட வேண்டும் என்கிறது. முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையிலுள்ள எல்லைதான் தமிழருக்கு உண்மையான முட்டுக்கட்டை. நம் பயிற்சிப் புத்தகங்களோ மூன்றாம் வகையின் நீளமான வினைத்தொடருக்கும் அதே அளவு பக்கங்களைச் செலவிடுகின்றன.

இன்னொரு திசையிலும் தமிழ் நம்மை இழுக்கிறது. 'அப்பா இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்' என்பது இயல்பான தமிழ். பேச்சு இன்றையதைப் பற்றியது, ஆனால் நடக்காதது என்று அழுத்திக் காட்ட நாம் 'இருந்திருந்தால்' என்ற கடந்தகாலத் தொடரை எடுக்கிறோம். இதை அப்படியே கொண்டுபோனால் ஆங்கிலத்தில் 'ஹேட் பீன்' வந்துவிடுகிறது. அங்கே இயல்பானது ஒற்றை விலகல், 'இஃப் ஃபாதர் வேர் அலைவ் டுடே'. ஆக, இன்றைய உலகில் இல்லாத ஒன்றைச் சொல்ல வரும் தமிழர் ஒரு பக்கம் முதல் வகைக்குள் சறுக்கலாம், மறுபக்கம் மூன்றாம் வகைக்குத் தாண்டிவிடலாம். நடுவிலுள்ள இரண்டாம் வகை காலியாகக் கிடக்கிறது. நான்கு வகையும் சம கனத்தோடு கற்பிக்கப்படும்போது இந்தப் பள்ளம் கண்ணில் படுவதில்லை.

இப்படிச் சொன்னவுடன், தாய்மொழியில் கோடு இல்லாததால் அந்தச் சிந்தனையே நமக்கு வராதோ என்ற சந்தேகத்தைச் சிலர் கிளப்புவார்கள். சீனத்தைப் பற்றி இதே சந்தேகம் ஒரு முறை ஆய்வாகவே வந்தது. ஆல்ஃப்ரெட் புளூம் என்ற அமெரிக்கர் ஹாங்காங்கில் மக்களிடம், அரசு இன்னின்ன சட்டம் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பார்த்தபோது, 'அரசு அப்படிச் செய்யவில்லையே' என்ற ரீதியில் பதில்கள் வந்தன. நடவாததைக் காட்டத் தனி வடிவம் சீனத்தில் இல்லாததால் சீனர்களுக்கு அப்படிச் சிந்திப்பது இயல்பாக வருவதில்லை என்று 1981-இல் அவர் ஒரு நூல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் டெரி கிட்-ஃபாங் ஆவ் அதை மறுத்தார். புளூம் தம் சோதனைகளில் படிக்கக் கொடுத்த கதைகளின் சீன நடை இயல்பாக இல்லை என்றார். சரளமான சீனத்தில் கதையைக் கொடுத்தபோது ஹாங்காங் மாணவர்கள் நடவாததை நடவாதது என்றே புரிந்துகொண்டார்கள். குழந்தைகளிடம் கிடைத்த சான்றும் இதே பக்கம்தான் சாய்கிறது. 1996-இல் பால் ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு சிறுமி சேற்றுக் காலணியோடு தரையில் நடந்த கதையைச் சொல்லி, காலணியைக் கழற்றியிருந்தால் தரை அழுக்காகியிருக்குமா என்று கேட்டார்கள். மூன்று வயதிலேயே பெரும்பாலும் சரியான விடை வந்தது. எனவே சிந்தனை எல்லோரிடமும் இருக்கிறது. அதை வினைச்சொல்லில் எந்த இடத்தில் அறிவிக்க வேண்டும் என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. மாணவருக்குக் குறைவது அறிவு என்று நினைக்கும் ஆசிரியர் விளக்கத்தைக் கூட்டுவார். குறைவது அறிவிக்கும் பழக்கம் என்று தெரிந்தவர் பயிற்சியை மாற்றுவார்.

நான்கு கட்டங்கள் மீது ஆங்கிலம் கற்பிப்போர் உலகத்திலேயே நெடுநாளாக அதிருப்தி உண்டு. 1988-இல் டேவ் மால் ஆங்கில ஆசிரியர்களுக்கான ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'அவன் வந்தால் நான் போகிறேன்' என்ற பொருள் தரும் வாக்கியம் இருக்கிறது: 'இஃப் ஹி கம்ஸ், ஐ கோ'. இருபாதியிலும் நிகழ்காலம், கட்டத்தின்படி இது என்றும் மாறாத உண்மைக்குரிய ஜீரோ வகையாக இருக்க வேண்டும், ஆனால் இது ஒரு முறைக்கான மிரட்டல். தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1956-இல் சுட்டிய வகை இன்னும் வேடிக்கையானது. 'பசித்தால் அலமாரியில் முறுக்கு இருக்கிறது' என்று நாமும் சொல்கிறோமே, அந்த மாதிரி. பசிக்காவிட்டாலும் முறுக்கு அங்கேதான் இருக்கும். இங்கே நிபந்தனை முறுக்குக்கு அல்ல, அந்தத் தகவல் உங்களுக்குப் பயன்படுமா என்பதற்கு. (ஆஸ்டின் சொன்னது பிஸ்கட்.) இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டம் போட ஆரம்பித்தால் முடிவே இராது.

சரி, கட்டங்கள் பரீட்சைக்காவது உதவுகின்றனவே என்ற வாதம் இருக்கிறது. அதை நான் முழுதாக ஒதுக்கவில்லை. 'வுட் ஹேவ்' என்பதற்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வரும் என்பது யாருக்கும் உள்ளுணர்வில் உதிக்காது. அதைச் சொல்லித்தான் தர வேண்டும், சில நாள் கையால் எழுதித்தான் பழக வேண்டும். அந்த அளவில் சூத்திரம் நல்ல சாதனம். பிழை அடுத்த கட்டத்தில் வருகிறது. 'செகண்ட் கண்டிஷனல்' என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் இருபது கோடிட்ட இடங்கள் இருந்தால், முதல் இரண்டோடு சிந்தனை நின்றுவிடும். மீதிப் பதினெட்டில் மாணவர் செய்வது தட்டச்சு. எந்த வகை என்ற ஒரே கடினமான கேள்விக்குத் தலைப்பே விடை சொல்லிவிட்டது.

இது ஊகம் மட்டுமல்ல. கணிதத்தில் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்கள் நான்கு திண்ம வடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றார்கள். ஒரு குழு ஒரு வடிவத்தின் கணக்குகளை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றக் குழுவுக்கு எல்லாம் கலந்து வந்தன. பயிற்சியின்போது தனித்தனியாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நிலைமை தலைகீழ்: முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. கணிதம் வேறு, மொழி வேறு என்று சொல்பவர்களுக்கு 2019-இல் தத்சுயா நகாதாவும் யூய்ச்சி சுசுகியும் ஜப்பானில் செய்த ஆய்வு விடையாக அமைகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஆங்கில இலக்கணக் கூறுகள் ஐந்தில் மூன்று, இந்த நிபந்தனை வாக்கியங்களின் முதல், இரண்டாம், மூன்றாம் வகைகளே. அங்கேயும் கலப்புப் பயிற்சியில் தவறுகள் கூடின. ஒரு வாரத்துக்குப் பின் கலப்புப் பயிற்சி பெற்றவர்களே முந்தினார்கள்.

தவறுகள் கூடின என்பதைக் கடந்துபோக முடியாது. ஏற்கெனவே ஆங்கிலம் என்றால் கூசும் ஒரு மாணவருக்குச் சிவப்பு மையைக் கூட்டித் தருவது அவரை விரட்டிவிடாதா? விரட்டும், தவறுகளுக்கு மதிப்பெண் குறைத்தால். வடிவம் கைக்கு வராதவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் கொடுமைதான். அதனால் முதல் சில நாள் தனித்தனியாகவும், பிறகு விரைவாகக் கலந்தும் போவதே அறிவுடைமை என்று எனக்குப் படுகிறது. கலப்புப் பயிற்சி மதிப்பெண் ஏட்டுக்குள் போகாமல் இருக்க வேண்டும். தேர்வுத்தாளில் சரியாக எழுதுவதும் பேச்சில் தடையில்லாமல் வருவதும் ஒன்றல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பேச்சுக்கும் முதலில் வேண்டியது தேர்ந்தெடுக்கும் பழக்கம்தான். வாழ்க்கையில் எந்த வாக்கியமும் தலைப்போடு வருவதில்லை.

தேர்ந்தெடுக்கச் சொல்லும் பயிற்சி எப்படி இருக்கும்? மூன்று பேரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்குச் சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து நேர்முக அழைப்பு வந்திருக்கிறது. இரண்டாமவர் விண்ணப்பித்திருக்கிறார், ஆனால் கிடைக்கும் என்ற நம்பிக்கை துளியும் இல்லை. மூன்றாமவரைப் போன மாதமே நிராகரித்துவிட்டார்கள். முதல் இருவரும் தமிழில் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: 'வேலை கிடைத்தால் சென்னைக்குப் போவேன்.' ஆங்கிலத்தில் ஒருவர் 'கெட்', 'வில்' என்பார். மற்றவர் 'காட்', 'வுட்' என்பார். மூன்றாமவர் 'கிடைத்திருந்தால் போயிருப்பேன்' என்று தமிழிலேயே தனியாகப் பிரிந்துவிடுகிறார். மாணவர் நிரப்ப வேண்டிய கோடு எதுவும் இங்கே இல்லை; ஆளைப் பார்த்து வாக்கியம் அமைக்க வேண்டும். பிறகு திருப்பிக் கேட்கலாம்: 'இஃப் ஐ காட் தி ஜாப்' என்கிறவருக்கு நம்பிக்கை இருக்கிறதா, அழைப்பு வந்திருக்குமா? அதே ஆளுக்கு மறுநாள் அழைப்பு வந்துவிட்டால் அவர் வாக்கியம் எப்படி மாறும்? ஒரே நாளில் இருபது தேவையில்லை. நான்கைந்து போதும், அடுத்த வாரம் வேறு பாடத்தின் நடுவில் மறுபடி நான்கைந்து.

இப்படிப் பழகியவருக்கு நம் வினாத்தாள்களில் ஒரு புதுச் சிக்கல் வரும். 'நாளை மழை (பெய்)' என்று கோடு போட்டு ஒரே விடையை எதிர்பார்க்கும் கேள்விக்கு, பின்பாதியில் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால், இரண்டு விடைகள் சரி: 'ரெயின்ஸ்', 'ரெயின்ட்'. மழைக்காலத்தில் கேட்டால் முதலாவது, கடும் கோடையில் கேட்டால் இரண்டாவது. பேசுபவர் யார், என்ன எதிர்பார்க்கிறார் என்று ஒரு வரி சேர்த்தால் கேள்வி நேராகிவிடும். வினாத்தாள் தயாரிப்பவருக்கு ஒரு வரி கூடுதல் வேலை, அவ்வளவுதான். 'இஃப் ஐ வாஸ்' சரியா, 'இஃப் ஐ வேர்' சரியா என்று வகுப்பில் செலவாகும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே இரண்டையும் சொல்கிறார்கள். எழுத்தில் 'வேர்' எழுதப் பழகினால் போதுமானது. 'ஐ ஆம்' என்ற இடத்தில் 'வாஸ்' வந்ததா 'வேர்' வந்ததா என்பதைவிட, அவர் பின்வாங்கினாரா என்பதைத்தான் திருத்துபவர் முதலில் பார்க்க வேண்டும்.